பெருந்திரள் இணையப் பாடநெறிகள்: ஒரு விமர்சன நோக்கு

கல்வியை அனைவர்க்கும் பொதுவாக்குதல் வேண்டும் என்னும் இலட்சியம், புதியதொரு தொடர்புச் சாதனம் தோன்றும்போதெல்லாம் புத்துயிர் பெறுவதை வரலாறு காட்டுகின்றது. அஞ்சற் சேவை பரவிய காலத்தில் அஞ்சல்வழிக் கல்வி தோன்றிற்று. வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபோது, சிறந்த ஆசிரியர் ஒருவரின் குரல் நாடு முழுவதையும் ஒரே வகுப்பறையாக்கும் எனப் பேசப்பட்டது. ஒவ்வொரு தடவையும் சாதனத்தின் வீச்சே கல்வியின் வீச்சாகவும் கொள்ளப்பட்டது. இவ்வரிசையில் வந்தவையே கட்டணமின்றிப் பல்லாயிரவர்க்கு ஒரே வேளையில் வழங்கப்படும் இணையப் பாடநெறிகளாகும். அவை தோன்றிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அவை தந்த வாக்குறுதிகளையும் அவற்றால் ஏற்பட்ட விளைவுகளையும் ஒருசேர வைத்து நோக்குதல் இன்று சாத்தியமாகின்றது.

ஆங்கிலத்தில் 'மூக்' என்னும் சுருக்கப் பெயரால் இவை வழங்கும். 2008 ஆம் ஆண்டிற் கனடாவின் மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் சீமன்ஸ், ஸ்ரீபன் டவுன்ஸ் ஆகிய இருவர் நடத்திய பாடநெறியொன்றினையொட்டியே இப்பெயர் உருவாயிற்று. அதிற் கட்டணம் செலுத்திப் பயின்றோர் 25 பேர். கட்டணமின்றி இணைந்தோர் ஏறத்தாழ 2200 பேர். கற்போர் தமக்குள் உரையாடியும் எழுதியும் ஒருவரிடமிருந்து ஒருவர் அறிவு பெறுதலே அப்பாடநெறியின் முறையாக இருந்தது. பின்னர் உலகெங்கும் பெயர்பெற்ற வடிவம் இதனின்றும் வேறுபட்டது. சில நிமிடங்களே ஓடும் காணொளித் துண்டுகள், கணினியே புள்ளியிடும் வினாக்கள், ஒரு மாணவரின் விடையை இன்னொரு மாணவர் மதிப்பிடும் முறை, ஆசிரியர் அரிதாகவே தலைகாட்டும் கலந்துரையாடற் களம் என்பன அதன் உறுப்புகளாகும்.

இவ்வமைப்பின் பொருளாதார அடிப்படை ஈண்டு மனங்கொளத்தக்கது. ஒருமுறை தயாரிக்கப்பட்ட விரிவுரையை ஆயிரம் பேர் பார்ப்பினும் இலட்சம் பேர் பார்ப்பினும் மேலதிகச் செலவு அற்பமே. ஆனால், ஒரு மாணவரின் கட்டுரையைப் படித்து, அவரது சிந்தனை எவ்விடத்தில் வழுவியது என எடுத்துக்காட்டும் உழைப்பு தலைக்குத் தலை செலவாகும். எனவே, கட்டணமின்றிப் பெருந்திரளுக்குக் கற்பிக்க முற்படும் எந்நிறுவனமும் முதலிற் குறைக்க வேண்டியிருப்பது இவ்வுழைப்பையேயாகும். பாடநெறிகளின் வெற்றியும் தோல்வியும் இந்த அடிப்படை உண்மையிலிருந்தே பிறக்கின்றன எனலாம்.

2011 இன் பிற்பகுதியில், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் சார்பிற் செபஸ்ரியன் துருண், பீற்றர் நோர்விக் ஆகியோர் செயற்கை நுண்ணறிவு பற்றிய பாடநெறியொன்றினை இணையவழி இலவசமாக நடத்தினர். ஏறத்தாழ 160,000 பேர் பதிவு செய்தனர். 20,000 பேருக்கு மேற்பட்டோர் நிறைவு செய்தனர். எந்தப் பல்கலைக்கழக மண்டபமும் கண்டிராத எண்ணிக்கை இது. 2012 இல் துருண் யுடாசிற்றி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் அன்ட்ரூ இங், டஃப்னி கொலர் ஆகியோர் கோர்செராவை நிறுவினர். மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகமும் ஹாவார்ட் பல்கலைக்கழகமும் தலா 30 மில்லியன் டொலர் முதலிட்டு எடெக்ஸ் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பை உருவாக்கின. அவ்வாண்டினை 'மூக்' ஆண்டு என நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை வருணித்தது. இன்னும் ஐம்பது ஆண்டுகளில் உலகிற் பத்து உயர்கல்வி நிறுவனங்களே எஞ்சியிருக்கும் எனத் துருண் அந்நாட்களிற் கூறியது, அக்கால மனநிலையைக் காட்டுவதற்குப் போதுமானதாகும்.

எடெக்ஸின் முதற் பாடநெறி மின்சுற்றுகளும் இலத்திரனியலும் பற்றியது. அதிற் பதிவு செய்தோர் 154,763 பேர். சித்தியடைந்தோர் 7,157 பேர். முழுப்புள்ளி பெற்ற சிலநூறு பேருள் மொங்கோலியத் தலைநகரான உலான்பாதரைச் சேர்ந்த பதினைந்து வயது மாணவனும் ஒருவன். அவனது கதை உலகப் பத்திரிகைகளிற் பலமுறை எடுத்தாளப்பட்டது. திறமை எங்கும் உண்டு, வாய்ப்புத்தான் எங்கும் இல்லை என்னும் கூற்றுக்கு அவன் நிரூபணமாகக் காட்டப்பட்டான். அக்கூற்று உண்மையே. எனினும், கதையின் மறுபாதி அத்துணை அழுத்தமாகக் கூறப்படவில்லை. அவனது பாடசாலையின் அதிபர் மசாசுசெற்ஸ் நிறுவகத்திலேயே பட்டம் பெற்றவர். பாடநெறி நடைபெற்ற காலத்தில், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஒருவர் பரிசோதனைக் கருவிகளுடன் அங்கு வரவழைக்கப்பட்டு, மாணவர்க்குச் செய்முறை வகுப்புகள் நடத்தினார். ஆகவே, இணையம் அம்மாணவனை ஆசிரியரின்றி உயர்த்திற்று என்பது பொருந்தாது. நல்ல ஆசிரியர் இருந்த இடத்தில் இணையம் அவர் கையில் அரிய கருவியாயிற்று என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடமாகும்.

இப்பாடநெறிகளால் உண்மையிற் பயனடைந்தோர் யாவர்? பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் கோர்செராவில் வழங்கிய பாடநெறிகளைப் பயின்ற ஏறத்தாழ 35,000 பேரிடம் நடத்தப்பட்டு, 2013 இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதற்கு விடை பகர்ந்தது. அவர்களுள் 80 வீதத்துக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே உயர்கல்வித் தகைமை பெற்றவர்கள். பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து பயின்றோரை எடுத்துக்கொள்ளின், ஏறத்தாழ 80 வீதத்தினர் தத்தம் நாட்டில் வசதியும் கல்வியும் மிக்க 6 வீதத்தினரைச் சேர்ந்தவர்கள். ஹாவார்ட், மசாசுசெற்ஸ் நிறுவகம் ஆகியவற்றின் 68 பாடநெறிகளை ஆராய்ந்து 2015 இற் சயன்ஸ் சஞ்சிகையில் வெளியான கட்டுரையும் இதே திசையைக் காட்டிற்று. அமெரிக்காவில் இவற்றைப் பயின்றோர் சராசரியிலும் வசதிமிக்க பகுதிகளில் வாழ்பவர்களாக இருந்தனர். இளம் வயதினருள்ளும், பட்டதாரியான பெற்றோரைக் கொண்டவர்க்கே சான்றிதழ் பெறும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

பாடநெறியை நிறைவு செய்யாதோர் தொகையே பெரிதும் விமர்சிக்கப்படுவதுண்டு. 2019 இல் அதே சஞ்சிகையில் வெளியான பிறிதோர் ஆய்வின்படி, மேற்கூறிய இரு நிறுவனங்களின் பாடநெறிகளிற் பதிவு செய்தோருள் 52 வீதத்தினர் பாடத்தினுள் நுழையவேயில்லை. 2017–18 காலப்பகுதியில் நிறைவு செய்தோர் 3.13 வீதத்தினர் மட்டுமே. இதற்குப் பாடநெறிகளின் ஆதரவாளர் கூறும் விடை முற்றாகப் புறக்கணிக்கத்தக்கதன்று. நூலகத்திற் புகுவோர் அனைவரும் நூல் முழுவதையும் வாசிப்பதில்லை. ஓர் அத்தியாயத்தை மட்டும் வாசித்துப் பயன்பெறுவோரும் உளர். இலவசமாகப் பதிவு செய்தவர் ஒருவர் இரண்டு விரிவுரைகளைக் கேட்டுத் தமக்கு வேண்டியதைப் பெற்றுச் சென்றாராயின், அதனைத் தோல்வி என்பது நியாயமாகாது. ஆயின், இவ்வாதத்தை ஏற்றுக்கொள்வோர் அதன் விளைவையும் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். பாடநெறி ஒரு நூலகமாயின், நூலகம் பல்கலைக்கழகத்தின் இடத்தைப் பிடிக்கும் எனக் கூறியது எவ்வாறு பொருந்தும்? தனியே நூலகத்தைப் பயன்படுத்திக் கற்பவர், கற்பது எவ்வாறு என்பதை முன்னரே கற்றவராவார். மேற்காட்டிய புள்ளிவிபரங்கள் உணர்த்துவதும் இதனையே.

இவ்வுண்மை மிகத் தெளிவாக வெளிப்பட்ட இடம் கலிபோர்ணியாவிலுள்ள சான் ஹொசே அரச பல்கலைக்கழகமாகும். 2013 சனவரியில் அப்பல்கலைக்கழகம் யுடாசிற்றியுடன் இணைந்து, அடிப்படைக் கணிதம், அட்சரகணிதம், புள்ளிவிபரவியல் ஆகிய மூன்று பாடங்களைத் தலா 150 டொலருக்கு இணையவழி நடத்த முன்வந்தது. முன்னர்ச் சித்தியடையத் தவறியோரும், வசதி குறைந்த உயர்நிலைப் பாடசாலை மாணவரும் அதிற் சேர்க்கப்பட்டனர். எவர்பொருட்டு இப்பாடநெறிகள் தோன்றின எனப்பட்டதோ அவர்களே இம்முறை அவற்றின் மாணவராயினர் என்பது கருதத்தக்கது. முதற் பருவத்தின் பெறுபேறுகள் ஏமாற்றமளித்தன. அடிப்படைக் கணிதத்திற் சித்தியடைந்தோர் மூன்றிலொரு பங்கினருக்கும் குறைவு. சிலருக்கு ஒழுங்காகக் கணினி கிடைக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. அவ்வாண்டு யூலையில் இத்திட்டம் இடைநிறுத்தப்பட்டது. கோடைப் பருவத்தில் பெறுபேறுகள் உயர்ந்தன என்பது உண்மையே. ஆனால், அப்பருவத்திற் சேர்ந்தோருள் ஏறத்தாழ அரைப்பங்கினர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். பாடநெறியில் ஏற்பட்ட மாற்றத்தினும் மாணவரில் ஏற்பட்ட மாற்றமே இங்குப் பெரிது. வறிய பகுதிகளிலிருந்து பல இடர்ப்பாடுகளுடன் வரும் மாணவர்க்கு இச்சாதனம் பொருத்தமானதன்று எனத் துருணே 2013 இன் இறுதியில் ஒப்புக்கொண்டார்.

அதே பல்கலைக்கழகத்தில், ஏறத்தாழ அதே காலத்தில், பிறிதொரு பரிசோதனையும் நடைபெற்றது. 2012 இன் பிற்பகுதியில் பொறியியற்றுறை மாணவர் எடெக்ஸின் மின்சுற்றுப் பாடநெறிக் காணொளிகளை வீட்டிற் பார்த்துவிட்டு வந்தனர். வகுப்பு நேரம் முழுவதும் ஆசிரியரின் துணையுடன் கணக்குகளைச் செய்வதிற் கழிந்தது. வழமையான வகுப்புகளிற் சித்தியடைந்தோர் 60 வீதத்துக்குட்பட்டிருக்க, இக்கலப்பு வகுப்பில் அத்தொகை 90 வீதத்தைத் தாண்டிற்று. ஒரு பருவத்து ஒரு வகுப்பின் பெறுபேற்றைக்கொண்டு பொதுவிதி வகுத்தல் இயலாது. இரு பரிசோதனைகளின் மாணவரும் ஒரே தரத்தினரல்லர். ஆயினும் வேறுபாட்டின் திசை தெளிவானது. முன்னையதில் ஆசிரியரின் இடத்தைக் காணொளி பிடித்தது. பின்னையதில் ஆசிரியர் விரிவுரை நிகழ்த்தும் பளுவினின்று விடுபட்டு, மாணவரோடு அமர்ந்து கற்பிக்கும் நேரத்தைப் பெற்றார்.

இவ்வெற்றி வேறொரு வினாவை எழுப்பிற்று. ஹாவார்ட் பேராசிரியர் மைக்கல் சண்டலின் நீதி பற்றிய புகழ்பெற்ற பாடநெறியைச் சான் ஹொசே மெய்யியற்றுறை பயன்படுத்த வேண்டும் என்னும் ஆலோசனை முன்வைக்கப்பட்டபோது, அத்துறையின் ஆசிரியர்கள் 2013 இற் பகிரங்கக் கடிதமொன்றின் வாயிலாக அதனை மறுத்தனர். அவர்களது அச்சம் தம் தொழில் பற்றியது மாத்திரமன்று. செல்வம் மிக்க பல்கலைக்கழகங்களின் மாணவர் பேராசிரியருடன் நேரே வாதிட்டுக் கற்க, அரச பல்கலைக்கழக மாணவர் அவ்வாதத்தின் ஒளிப்பதிவைப் பார்த்துக் கற்கும் இருதரக் கல்விமுறையொன்று உருவாகும் என அவர்கள் எச்சரித்தனர். நீதி பற்றிய பாடத்தை ஒருவர் கற்பது, தம் வாழ்விலும் தம் சூழலிலும் எழும் பிரச்சினைகளை முன்வைத்து வாதிடுவதன் வாயிலாகவே. ஹாவார்ட் மாணவர் வாதிடுவதைப் பார்த்திருக்கும் சான் ஹொசே மாணவர், பிறருடைய கல்வியின் பார்வையாளராகவே நிற்பார். கலை, சமூக விஞ்ஞானப் பாடங்களைப் பொறுத்தவரை இக்கருத்து மிகுந்த முக்கியத்துவம் வாய்ந்தது. மின்சுற்றுக் கணக்கின் விடையைக் கணினி சரிபார்க்கலாம். ஒரு செய்யுளுக்கு மாணவர் கூறும் விளக்கத்தின் நயத்தையும் குறையையும் இன்னொரு மனிதரே ஆற அமரக் கேட்டுத் தெளிதல் வேண்டும். 2023 முதல் இந்நிறுவனங்கள் அறிமுகப்படுத்திவரும் உரையாடற் கணினிகள் இக்குறையைத் தீர்க்கும் என இன்று கூறப்படுகின்றது. 2012 இன் வாக்குறுதிகளை நினைவிற் கொண்டோர், அவற்றையும் விளைவுகளைக் கொண்டே மதிப்பிடுதல் தகும்.

'திறந்த', 'இலவச' என்னும் அடைமொழிகளின் பிற்கால வரலாறும் நோக்கத்தக்கது. தொடக்கத்தில் இலவசமாக வழங்கப்பட்ட சான்றிதழ்கள் 2015 ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுத்தப்பட்டு, கட்டணம் செலுத்துவோர்க்கு மட்டும் உரியவாயின. பல பாடநெறிகளில் மதிப்பீட்டுக்குரிய பயிற்சிகளும் கட்டணத்துக்குட்பட்டன. காணொளி இலவசம், கற்றதற்கான சான்று விலைக்கு என்பதே நிலையான வடிவமாயிற்று. 2014 சனவரியில், அமெரிக்க அரசின் பொருளாதாரத் தடைகள் காரணமாகக் கியூபா, ஈரான், சூடான் ஆகிய நாடுகளிலிருந்து பயின்றோர்க்குக் கோர்செராவின் பாடநெறிகள் மூடப்பட்டன. 2021 இற் கோர்செரா பங்குச் சந்தையில் நுழைந்தது. அதே ஆண்டில், பொதுநலன் கருதித் தொடங்கப்பட்ட எடெக்ஸ் 800 மில்லியன் டொலருக்கு ரூ-யூ என்னும் வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வாங்கிய நிறுவனம் 2024 இற் கடன் நெருக்கடியால் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரிற்று. தனி மனிதரின் பேராசையாக மட்டும் இதனைக் கொள்வது பொருந்தாது. பொதுப் பணத்தில் நிலைபெறாத இலவச சேவை எதுவும், காலப்போக்கில் தன்னை விற்றே உயிர்வாழ வேண்டியதாகின்றது என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை.

இவ்விடத்தில் இலங்கையின் கல்வி வரலாறு பொருத்தமான ஒப்பீடுகளைத் தருகின்றது. 1858 முதல் இலண்டன் பல்கலைக்கழகம், எங்கிருந்து கற்றோரும் தன் பரீட்சைக்குத் தோற்றலாம் என வழிதிறந்தது. இலங்கையிலும் அப்பரீட்சைகளுக்குத் தோற்றினர். ஆனால், பரீட்சை திறந்திருந்தமை மட்டும் போதவில்லை. 1921 இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டு, ஆசிரியர் அப்பரீட்சைகளுக்கு மாணவரைப் பயிற்றினர். 1945 இன் இலவசக் கல்வித் திட்டமும் கட்டண நீக்கத்தோடு நின்றுவிடவில்லை. மத்திய மகா வித்தியாலயங்கள் கட்டப்பட்டன; தாய்மொழிவழிக் கல்வி படிப்படியாக விரிந்து 1960 களிற் பல்கலைக்கழகக் கலைப்பீடங்களையும் எட்டிற்று. இவை இணைந்தமையாலேயே கிராமத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை வர முடிந்தது. இவை இணையாத இடத்தில் நிகழ்ந்ததற்கு மலையகமே சான்று. கல்வி இலவசம் என நாடு பெருமைப்பட்ட காலத்தில், தோட்டப் பாடசாலைகள் அத்திட்டத்துக்குப் புறம்பாகவே கிடந்தன. 1970 களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை அங்குள்ள பிள்ளைகளுக்கு 'இலவசம்' என்பது வெறும் சொல்லாகவே இருந்தது. 2020, 2021 ஆம் ஆண்டுகளின் தொற்றுக்காலத்தில், ஊவா மாகாணக் கிராமமொன்றின் மாணவரும் ஆசிரியரும் தொலைபேசி அலை தேடி மலையேறிய செய்தி, கட்டணம் ஒன்றே கல்விக்குத் தடையன்று என்பதை மீண்டும் நினைவூட்டிற்று.

மொழிப் பிரச்சினையும் இத்தகையதே. இப்பாடநெறிகளுட் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளன. இந்தியாவில் அரசின் ஆதரவுடன் இயங்கும் என்.பி.ரி.இ.எல். திட்டம், தன் விரிவுரைகள் பலவற்றின் எழுத்துவடிவத்தைத் தமிழுட்பட இந்திய மொழிகளிற் பெயர்த்து வருகின்றது. 2017 யூலையிற் தொடங்கப்பட்ட ஸ்வயம் திட்டத்தின் பாடநெறிகளை நிறைவு செய்து, மேற்பார்வையுடன் நடைபெறும் பரீட்சையிற் சித்தியடைவோர், அத்திறமைப் புள்ளிகளைத் தம் பட்டத்துடன் சேர்த்துக்கொள்ளவும் வழியுண்டு. 2021 இன் விதிகளின்படி, ஒரு பருவப் பாடங்களில் 40 வீதம்வரை இவ்வாறு சேர்க்கலாம். பொதுப் பணமும் பல்கலைக்கழக அங்கீகாரமும் இணையும்போது இச்சாதனம் வேறு பண்பினைப் பெறும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும். எனினும், விரிவுரையை மொழிபெயர்த்தல் வேறு. தமிழிற் சிந்தித்துத் தமிழ் மாணவரின் ஐயங்களை அறிந்து பாடம் ஆக்குதல் வேறு. பின்னையது எம்மவர் பல்கலைக்கழகங்களிற் செய்யப்பட வேண்டிய பணியாகும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, பெருந்திரள் இணையப் பாடநெறிகளை ஏமாற்று எனத் தள்ளிவிடுவது தவறாகும். தம் பாடத்திற் புதியன அறிய விரும்பும் ஆசிரியர்க்கும், பட்டம் பெற்றபின் வேறு துறையொன்றினைக் கற்க முனைவோர்க்கும், நல்ல நூலகமற்ற ஊரில் வாழும் ஆர்வலர்க்கும் அவை செய்துள்ள உதவி மெய்யானது. ஒரு தலைமுறைக்கு முன்னர் உலகின் தலைசிறந்த விரிவுரைகள் சில நூறு பேரின் செவிகளுக்கே எட்டின என்பதை மறத்தல் ஆகாது. அவற்றின் குறை, பிறர் ஊட்டிய கல்வியை முன்னரே பெற்றவர்க்குப் பொருந்தும் கருவியை, அக்கல்வி மறுக்கப்பட்டவர்க்கான முழுத் தீர்வாக முன்வைத்தமையாகும்.

ஆகவே, ஒரு பல்கலைக்கழகம் இத்தகைய பாடநெறியொன்றினை ஏற்கும்போது, பதிவு செய்தோர் எத்தனை பேர் என வினவுதல் போதாது. அதனால் ஆசிரியர் பதவிகள் குறைந்தனவா, அன்றி ஆசிரியர் மாணவரோடு செலவிடும் நேரம் கூடிற்றா என்பது முதல் வினா. பின்தங்கிய பாடசாலையிலிருந்து வந்த மாணவர் சித்தியடைந்தனரா என்பது இரண்டாவது. பெற்ற அறிவுக்குரிய அங்கீகாரம் பணம் இல்லாதவர்க்கும் கிட்டிற்றா என்பது மூன்றாவது. ஆசிரிய நியமனங்களைக் குறைப்பதற்கு 'இணையத்தில் எல்லாம் உண்டு' என்பதைக் காரணமாகக் காட்டும் காலம் எந்நாட்டிலும் வரக்கூடும். அவ்வேளையில் இம்மூன்று வினாக்களையும் எழுப்புதல் மாணவர்க்கும் விரிவுரையாளர்க்கும் உரிய பொதுக் கடமையாகும்.